எட்டாவது மாடியிலிருந்து விழுந்த மூங்கில் கம்பு

பாப்பா,

இருபது வயதுப் பெண்ணை இப்படிக் கூப்பிடாதே என்று நீ போன தீபாவளிக்கே சொல்லிவிட்டாய். தேக்கா சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கும் அண்ணன் முன்னால் கூப்பிட்டதற்கு, வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை. அந்த அண்ணன் வேறு, "அக்காவும் தங்கச்சியும் இன்னிக்கு என்ன மீன் பாக்குறீங்க?" என்று கேட்டுவைத்தார். உனக்கு ஏறிய கோபத்தில் பாதி அதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும். நான் என்ன செய்வது, உன்னை இருபத்திரண்டு வயதில் பெற்றவள். பட்டமளிப்பு அங்கிக்குள் நீ ஐந்து மாதக் கருவாக இருந்தாய். மேடையேறிச் சான்றிதழை வாங்கும் நேரம் பார்த்து ஓர் உதை விட்டாய். இந்தக் கடிதம் முடியும்வரை மட்டும் பாப்பா என்று கூப்பிட்டுக்கொள்கிறேன். படித்து முடித்ததும், இனிமேல் எப்படிக் கூப்பிடலாம், கூப்பிடலாமா என்பதையே நீ முடிவு செய்.

இன்று புதன்கிழமை, நான் லீவு போட்டிருக்கிறேன். நீ தோழியைப் பார்க்கப் போயிருக்கிறாய், ஆறு மணிக்குள் வருவதாகச் சொன்னாய். வெள்ளிக்கிழமை அந்த அலுவலக வேலைக்குக் கையெழுத்துப் போடப் போகிறாய். அதற்கு முன்னால் உனக்கு ஒன்று தெரிய வேண்டும். நேரில் சொல்லத்தான் நினைத்தேன். மூன்று தடவை உன் அறைக் கதவு வரைக்கும் வந்தேன், மூன்று தடவையும் "சாப்பிடுறியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். மூன்றாவது தடவை நீ, "அம்மா, இப்பதானே சாப்பிட்டோம், ஆர் யூ ஓகே?" என்றாய். இல்லை, நான் ஓகே இல்லை. அதனால் எழுதுகிறேன். எழுத வேண்டிய காலத்தில் எழுதாமல் ரொம்பத் தாமதமாக எழுதுகிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தக் கயிற்று வேலை உனக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணம் நீ இல்லை. நான்.

உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கியபடி வெளிச்சுவரில் விரிசல் இருக்கிறதா, ஓடு பெயர்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் வேலை. பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் கட்டடம் படித்துவிட்டு நீ அதைத்தான் கேட்டாய். பயிற்சிக்கு உன்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள், நீயும் படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டாய். அதில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் அப்பா எண்ணை எழுதாமல் என் எண்ணை எழுதினாய். ஏன் அப்படி எழுதினாய் என்று இன்னும் நான் உன்னிடம் கேட்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அங்கிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். மரியாதையான குரல். "மேடம், விவரம் சரிதானான்னு பாக்கக் கூப்பிட்டேன். உங்க மகளுக்கு உடம்புல ஏதாவது பிரச்சினை உண்டா?" ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, பாப்பா. "அடிக்கடி தலை சுத்தும். சின்ன வயசுல ரெண்டு தடவ மயங்கி விழுந்திருக்கா" என்று சொன்னேன். நீ பிறந்ததிலிருந்து இன்றுவரை ஒரு தடவைகூட மயங்கி விழுந்ததில்லை. அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து உனக்கு, இந்தமுறை எடுத்துக்கொள்ள முடியவில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. நீ அந்த இரண்டு வரியை எனக்குப் படித்துக் காட்டினாய். நான் உன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்தக் கையை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

அதற்கு முன்னால் நான் போட்ட சண்டையெல்லாம் உனக்கு நினைவிருக்கும். "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். "அம்மா, நீயா பேசுற? சீரியஸாவா?" என்றாய். உனக்குத் தெரியும், நான் அப்படி நினைக்கிறவள் இல்லை. படிக்க வேண்டும் என்று என் அப்பாவோடு ஒரு வருஷம் மல்லுக்கு நின்றவள். ஆனால் ஊரில் எல்லாரும் சொல்கிற காரணம் அது, சொன்னால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். உண்மையான காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் என் ஒன்பது வயதுக்குப் போக வேண்டும். அங்கே நான் யாரையும் கூட்டிக்கொண்டு போனதில்லை. உன் அப்பாவைக்கூட.

நாங்கள் அப்போது புக்கிட் மேராவில் ஒரு பழைய அடுக்குமாடி புளோக்கில் எட்டாவது மாடியில் இருந்தோம். நீ பார்த்திருப்பாய், பழைய வீடுகளில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே சுவரில் இரும்புக் குழாய்கள் இருக்கும். ஈரத் துணியை மூங்கில் கம்பில் மாட்டி, ஜன்னல் வழியாக நீட்டி, கம்பின் நுனியை அந்தக் குழாயில் செருக வேண்டும். என் அம்மா வேலையிலிருந்து வர நாலு மணி ஆகும், அதனால் துணி காயப்போடுவது என் வேலை. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கம்பைத் தொடவே அனுமதி கிடையாது. ஒரு கம்புக்கு ஐந்து துணிதான் என்பது அம்மாவின் கட்டளை. அன்றைக்கு டிவியில் கார்ட்டூன் தொடங்கும் நேரம். இரண்டு தடவை போடச் சோம்பல் பட்டு எல்லாவற்றையும் ஒரே கம்பில் மாட்டினேன். அப்பாவின் ஜீன்ஸ் இரண்டு, சட்டைகள், துண்டுகள், படுக்கை விரிப்பு, கடைசியில் என் பள்ளிச் சீருடையான பினஃபோர். பாதி நீட்டும்போதே கம்பு முன்பக்கமாகச் சாய ஆரம்பித்தது. நான் பிடித்துத்தான் இருந்தேன். அது என் கையோடு கொஞ்ச தூரம் போனது. அப்புறம் கை மட்டும் இருந்தது.

சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தேன். கீழே நாலாவது மாடி சீன ஆன்ட்டி புல்தரை ஓரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய சிவப்புக் கூடை கவிழ்ந்து கிடந்தது, அவருடைய ஒரு தோளின்மேல் எங்கள் படுக்கை விரிப்பு. அவர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். நான் பார்த்தது அவ்வளவுதான். ஜன்னலுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பிழைத்துக்கொண்டார், பயப்படாதே. தோள்பட்டை எலும்பு முறிந்தது. அப்புறம் அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்க அவரால் முடியவில்லை. ஆனால் நான் உனக்குச் சொல்ல வந்தது கம்பு விழுந்ததை மட்டும் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை, இல்லை, நடக்காததை. உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த என் அப்பா எழுந்து கீழே போய்க் கூட்டத்தில், "காத்து ரொம்ப அடிச்சிச்சு, கம்பு கழண்டுகிச்சு" என்று சொல்லிவிட்டுத் துணிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். சாயங்காலம் ஒரு பை ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆன்ட்டி வீட்டுக்குப் போய், அங்கேயும் காற்றைத்தான் சொன்னார். அம்மா என் பினஃபோரை மறுபடி துவைத்தாள். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "யார் கேட்டாலும் நீ தூங்கிக்கிட்டு இருந்தே." யாரும் என்னைத் திட்டவில்லை. யாரும் அடிக்கவில்லை. மறுநாளிலிருந்து துணி காயப்போடும் வேலை அம்மாவுடையதாகிவிட்டது, அவ்வளவுதான். நான் தட்டு எடுத்துவைக்கப் போனால், "நீ விடு, நான் எடுக்கிறேன்" என்பாள். சொல்லும்போது அவள் குரலில் கோபமே இருக்காது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு அறை விட்டிருந்தால், 'தப்புப் பண்ணினேன், அடி வாங்கினேன்' என்று முடிந்திருக்கும். முடியாததால் நானே எனக்கு ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன். என் கையில் எதையும் கொடுக்கக்கூடாது.

மூன்று வாரம் கழித்து லிஃப்ட்டில் ஆன்ட்டியைத் தனியாகப் பார்த்தேன். கையில் கட்டுப் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தார். "கேர்ள், மக்கான் ஆல்ரெடி?" என்று எப்போதும்போலச் சாப்பிட்டாயா என்று கேட்டார். நான் தலையாட்டினேன். நாலாவது மாடியில் கதவு திறந்ததும் வெளியே ஒரு கால் வைத்து, திரும்பி என்னைப் பார்த்து, "யூ டோன்ட் ஸ்கேர்ட் லா" என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது. ஜன்னலில் என் முகத்தைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. பயப்படாதே என்று எனக்கே சொல்லிவிட்டுப் போகிறார். இப்போது இதை எழுதும்போது அழுகிறேன், ஆனால் அன்றைக்கு எனக்கு அது ஆறுதலாகப் படவில்லை. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை ஒன்றுமே நடக்கவில்லை. நடந்தது தெரிந்த ஒரே வெளியாள் அவர்தான். அன்றிலிருந்து நான் லிஃப்ட்டில் ஏறவில்லை. எட்டு மாடியும் படியில் ஏறினேன், பள்ளிப் பையோடு, நாங்கள் வீடு மாறும் வரைக்கும். "புள்ளைக்கு நல்ல எக்சர்சைஸ்" என்று அப்பா எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார்.

அந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் என்னோடு வந்தது தெரியுமா? மருந்தியல் படிக்க எனக்கு ஆசை இருந்தது, மதிப்பெண்ணும் இருந்தது. ஒரு மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்ற ஒரே நினைப்பில் வரலாறு படித்தேன். அதில் தப்புப் பண்ணினாலும் சாக வேண்டியவர்கள் ஏற்கனவே செத்திருந்தார்கள். சிரிக்காதே, அப்போது அப்படித்தான் யோசித்தேன். இப்போது பாடப்புத்தகங்களில் பிழை திருத்துகிறேன், அதாவது மற்றவர்கள் கைநழுவ விட்டதைத் தேடுவதற்கே எனக்குச் சம்பளம். பிடோக்கில் நம் இந்த வீட்டை வாங்கும்போது பதினாலாவது மாடியும் இரண்டாவது மாடியும் இருந்தன. உன் அப்பாவுக்குப் பதினாலு பிடித்தது. நான் இரண்டுதான் என்று அடம்பிடித்தேன். "லிஃப்ட் கெட்டுப்போனா குழந்தையோட எப்படி ஏறுறது?" என்று ஒரு காரணம் கண்டுபிடித்தேன். வீட்டுக்கு வந்ததும் சமையலறை ஜன்னலுக்குப் பூட்டு, மற்ற ஜன்னலுக்கெல்லாம் கம்பி. துணியெல்லாம் வீட்டுக்குள்ளேயே. மழைக்காலத்தில் உன் சட்டையில் ஒரு புழுங்கல் வாடை வருகிறது என்று பள்ளியில் பிள்ளைகள் சொன்னதாக நீ அழுதாய். நான் நல்ல சோப்பாக வாங்கினேனே தவிர ஜன்னலைத் திறக்கவில்லை.

இவையெல்லாம் என்னோடு போயிருந்தால் பரவாயில்லை. உன் அத்தை குழந்தையைக் கொண்டுவந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? உனக்கு எட்டு வயது. சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டி, மடியில் ஒரு தலையணையும் வைத்துத் தயாராக இருந்தாய். அத்தையும் கொடுக்கப் போனாள். நான் சமையலறையிலிருந்து ஓடிவந்து, "வேணாம், வேணாம், அவ கீழ போட்டுருவா" என்றேன். அத்தை சிரித்துவிட்டுக் குழந்தையை எடுத்துக்கொண்டாள். நீ நீட்டிய கையை உடனே மடக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, அப்புறம் தலையணையை எடுத்து அதை அணைத்துக்கொண்டாய். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுப்பில் வெங்காயம் கருகுகிறது என்று போய்விட்டேன். சாப்பாட்டுக் கடையில் உன் தட்டை நானே தூக்கிக்கொண்டு வருவேன். முட்டை வாங்கிய பை எப்போதும் என் கையில்தான். பதினான்கு வயதில் நீ பள்ளியில் சுவரேறும் விளையாட்டில் சேர்ந்தது எனக்குத் தெரியாது. அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாய். நான் கண்டுபிடித்தபோது நீ சொன்னாய், "அம்மா, அங்க கீழ ஒருத்தி என் கயித்தப் பிடிச்சிருப்பா. அப்புறம் நான் அவ கயித்தப் பிடிப்பேன். அவ என்னை நம்பி ஏறுறா, தெரியுமா?" அந்தக் கடைசி வாக்கியத்தை நீ எப்படிச் சொன்னாய் என்று இன்றைக்கும் எனக்குக் காதில் இருக்கிறது. நான் என்ன சொன்னேன்? "நகமெல்லாம் பாரு எப்படி உடைஞ்சிருக்கு" என்றேன்.

இதெல்லாம் தெரிந்தும் போன ஞாயிற்றுக்கிழமை வரை நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். தேக்காவில் மீன் வாங்கிவிட்டு அங்கேயே ஒரு டீக்கடை மேசையில் உட்கார்ந்திருந்தோம். வழக்கம்போல நான் இரண்டு தே தாரிக்கையும் தூக்கிக்கொண்டு வந்தேன். நீ எதையோ பார்த்துக்கொண்டே சொன்னாய்: "எங்கிட்டதான் ஏதோ குறை இருக்கும்மா. என் கையில எதையும் குடுக்க யாருக்கும் தைரியம் வர மாட்டேங்குது." அப்புறம் நீயே, "பரவால்ல லா, ஆபீஸ் வேலையும் நல்லதுதான், ஏர்கான்" என்று சிரித்தாய். நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அது என்னுடைய வாக்கியம், பாப்பா. ஒன்பது வயதில் எட்டாவது மாடியில் நான் எனக்குச் சொல்லிக்கொண்டது. அதை ஒரு நாளும் உன்னிடம் சொன்னதில்லை. ஆனாலும் கிட்டத்தட்ட அப்படியே உன் வாயில் வந்து நிற்கிறது. உன் கையிலிருந்து எதுவும் விழவே இல்லை. விழுந்தது என் கையிலிருந்து.

அன்று சாயங்காலமே உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கம்பையும், போனில் சொன்ன பொய்யையும். கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். அப்புறம், "பதினாலாவது மாடியில கடல் தெரிஞ்சிருக்கும்டி" என்றார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். ஆனால் உன் விஷயத்தில் அவர் சிரிக்கவில்லை. "இத நீயே அவகிட்ட சொல்லு. நான் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னால சொல்லு" என்றார். திங்கட்கிழமை புக்கிட் மேராவுக்குப் போனேன். அந்த ஆன்ட்டி உயிரோடு இருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். நாலாவது மாடிக் கதவைத் தட்டி, காற்று இல்லை ஆன்ட்டி, நான்தான் என்று சொல்ல வேண்டும் என்று போனேன். புளோக்கே இல்லை. இடித்துவிட்டார்கள். புல்தரை மட்டும் இருக்கிறது, ஒருவர் நாயை நடத்திக்கொண்டு போனார். மன்னிப்புக் கேட்க அந்த மாடி எப்போதும் அங்கேயே இருக்கும் என்று நான் இத்தனை வருஷம் தள்ளிப்போட்டது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அந்தப் புல்லில் நின்றபோது தெரிந்தது. உன் விஷயத்தில் அப்படி நின்றுகொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை.

நேற்று அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தேன். அதே பெண்தான் எடுத்தாள். நான் சொன்னது பொய், என் மகளுக்கு ஒரு குறையும் இல்லை, பயம் எனக்குத்தான் என்றேன். அவள் உன் படிவத்தைத் தேடி எடுத்தாள். அப்புறம், "மேடம், அம்மா பேசினா போதாது. அவங்களே கூப்பிடணும், டாக்டர் கடிதமும் வேணும். அடுத்த குழுவுல ஒரு இடம் இருக்கு, வெள்ளிக்கிழமை வரைக்கும் வைக்கிறேன்" என்றாள். அவள் பெயரும் எண்ணும் இந்தக் கடிதத்தோடு இருக்கின்றன. அவசரத்துக்குக் கூப்பிடும் எண்ணையும் மாற்றிக்கொள். அப்பா எண்ணைப் போடு. என்னை மறுபடி நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

நீ கோபப்படு. கத்து. எங்கள் வீட்டில் நடந்ததுபோல ஒன்றும் நடக்காத மாதிரி மட்டும் இருந்துவிடாதே. அலுவலக வேலையே பிடித்திருந்தால் அதிலேயே கையெழுத்துப் போடு, ஆனால் உன் கையைப் பற்றி நீ நினைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பொய்யினால் போடாதே. இனிமேல் எதற்காவது பயம் வந்தால், அதற்கு என்ன வயது என்று கேட்டுப் பார். என்னுடையதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், பினஃபோர் போட்ட ஒரு பிள்ளை சொல்வதைக் கேட்டுத்தான் படிப்பும் வீடும் உன் வேலையும் முடிவாகியிருக்கின்றன என்று தெரிந்திருக்கும். அவள் பாவம், அவளை நான் திட்டப்போவதில்லை. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் யாராவது இருபது வயதுப் பெண்ணின் வாழ்க்கையைப் பற்றி யோசனை கேட்பார்களா?

நீ கயிற்றில் தொங்கும்போது எனக்குப் பயமாக இருக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். இருக்கும். வேலை முடிந்ததும் ஒரு மெசேஜ் போடு, அது போதும். சரி, மத்தியானமும் ஒன்று போடு.

இன்று காலை கடைக்குப் போய் ஒரு மூங்கில் கம்பு வாங்கி வந்தேன். பேருந்தில் ஏற்ற முடியாது என்று நடந்தே தூக்கி வந்தேன். எதிரில் வந்தவர்கள் எல்லாரும் ஒதுங்கினார்கள். சமையலறை ஜன்னலின் பூட்டுத் துருப்பிடித்திருந்தது, எண்ணெய் விட்டுத் திறந்தேன். வெளியே குழாய்கள் அப்படியே இருக்கின்றன. சுவரேறும்போது நீ போடுகிற அந்த மஞ்சள் சட்டையை, ஒரு மாதமாக அலமாரிக்குள் சுருட்டி வைத்திருக்கிறாயே அதை, துவைத்துக் கம்பில் மாட்டினேன். ஒரே ஒரு சட்டைதான். இரண்டு கிளிப். கம்பின் நுனியைக் குழாயில் செருகிவிட்டேன். இப்போது வெயிலில் ஆடிக்கொண்டிருக்கிறது.

மணி ஐந்தரை. மேகம் கூடிக்கொண்டு வருகிறது. நான் அந்தக் கம்பை உள்ளே இழுக்கப் போவதில்லை. நீ வந்து எடு. நான் பின்னால் வந்து நிற்க மாட்டேன், ஹாலில் உட்கார்ந்திருப்பேன்.

அம்மா